சிவப்பு நூல் கட்டிய பழம்

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் சண்டையும் கூடவே பிறந்துவிடும். அப்பாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அம்மாவோ மாதம் பிறப்பதற்கு முந்தின நாளே மீன்சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவாள். ஐப்பசி பிறந்த பிறகுதான் அது கீழே இறங்கும்.

"தேங்காய்த்திட்டுத் தொறமுகத்துல மீனைக் கேக்க ஆளில்லாம கெடக்குது. இங்க ஒரு பீர்க்கங்காய்க்கு நாலு பேரு அடிச்சிக்கிறீங்க" என்பார் அப்பா, தட்டில் இருக்கிற புடலங்காய்க் கூட்டை விரலால் ஓரம் ஒதுக்கியபடி.

"அடிச்சிக்கிட்டு வாங்கியாந்ததுதான். ஒதுக்காம தின்னுங்க" என்பாள் அம்மா.

எனக்கு அந்த மாதம்தான் வருடத்திலேயே பிடித்த மாதம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எதைப் படித்தாலும் அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும் என்கிற பரபரப்பு. நூலகத்தில் ஒரு பத்திரிகையில் கொய்யாப்பழ ஜெல்லி செய்முறையைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவின் நல்ல பாத்திரம் ஒன்றைத் தீய்த்து வைத்திருந்தேன். பீர்க்கங்காயை முற்றவிட்டுக் கூடு எடுத்து உடம்பு தேய்க்கிற நார் செய்கிறேன் என்று மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு காய்களைக் காயப்போட்டு, அணில்களுக்கு விருந்து வைத்திருந்தேன். "இவ கையில காசையும் பையையும் குடுத்தா காய்கறி வராது, ஏதாவது ஆராய்ச்சிதான் வரும்" என்று அம்மா சலித்துக்கொள்வாள். ஆனாலும் என்னைத்தான் அனுப்புவாள். சைக்கிளில் கருவடிக்குப்பத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போய்வர என்னைவிட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள்.

மழைக்கு முந்தின அந்த நாட்களில் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முதலில் படுவது பச்சைதான். ஆனால் ஒரே பச்சை இல்லை. அவரைக்காயின் ஓரத்தில் ஊதா ஓடியிருக்கும். புடலையின் மேல் சாம்பல் பூத்திருக்கும். ஆயுத பூஜைக்காக வந்திறங்கிய வெள்ளைப் பூசணிகள் திருநீறு பூசின மாதிரி ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஊரே கவிச்சியை விட்டிருக்கிற மாதம் என்பதால் காய்கறிக்காரர்கள் முகத்தில் தனிக் களை. பேரம் பேசினால் காதில் வாங்கவே மாட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தால், நடைபாதையில் சீத்தாப்பழக் கூடைகள். செஞ்சிப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பெண்கள், இலையும் காம்புமாகப் பழங்களைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அந்த வாசனை இன்னும் பழமாகாத காயின் வாசனை. நறுக்கின புல்லும் கொஞ்சம் பாலும் கலந்த மாதிரி.

"தொட்டுப் பாரு, கிள்ளாத" என்பார்கள் என்னைப் பார்த்ததும். எனக்கு அப்படி ஒரு பெயர் அங்கே.

சீத்தாப்பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் நானும் அக்காவும் சின்ன வயதிலிருந்தே போட்டி போட்டவர்கள். பழத்தின் மேல் இருக்கிற ஒவ்வொரு மேட்டையும் கண் என்போம். கண்கள் நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பிஞ்சு. எத்தனை நாள் அரிசிப் பானையில் புதைத்து வைத்தாலும் பழுக்காது, கறுத்து வெம்பிப் போகும். கண்ணுக்குக் கண் நடுவே வெள்ளைக் கோடு தெளிவாக விழுந்திருந்தால் மூன்று நாளில் பழுக்கும். கோடு மஞ்சள் தட்டினால் இரண்டு நாள். இளஞ்சிவப்பாகிவிட்டால் மறுநாளே. யாருடைய பழம் சொன்ன நாளில் பழுக்கிறதோ அவளுக்குப் பெரிய பாதி. பெரும்பாலும் பெரிய பாதி அக்காவுக்குத்தான் போகும். மாடிச் சுவரில் உட்கார்ந்து, கொட்டைகளைப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் துப்பி, யாருடைய கொட்டை அதிகம் சத்தம் போடுகிறது என்று பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து மேலே பார்ப்பார். அக்கா உடனே முகத்தைத் திருப்பித் துணி காயப்போடுகிற மாதிரி நடிப்பாள். நான் மாட்டிக்கொள்வேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டவர் பிரான்சில் இருக்கிறார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. எங்கள் ஊரில் அப்படி ஒரு மாப்பிள்ளை கிடைப்பதென்றால் தெருவே பொறாமைப்படும். பட்டது. அப்பா ஒரு வருடமாக யாரைப் பார்த்தாலும் "பெரியவ பாரீசுல" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பாரீசுக்கு வெளியே எங்கேயோ ரயிலில் போகிற ஒரு ஊரில், ஆறாவது மாடியில், மாமாவும் அவளும் மட்டும். மாமாவின் அப்பா அம்மா உயிரோடு இல்லை.

அந்தப் புரட்டாசியில் அவளுக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது. வீட்டில் இரண்டு கட்சி. தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் என்பது அம்மாவின் கட்சி. ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

"இங்க வந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில வரிசையில நிக்கணுமா? அங்க ராணி மாதிரி பாத்துக்குவாங்க. புள்ள அங்க பொறந்தா அதுக்கும் நல்லது" என்பது அப்பாவின் கட்சி.

"புள்ளைக்கு நல்லது சரி. எம்பொண்ணுக்கு?"

"அவளையே கேளு."

அவளையே கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அவள் போன் கார்டு வாங்கிப் போட்டுப் பேசுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று பேரும் சுற்றி உட்காருவோம். "நல்லா இருக்கேம்மா. இங்கயே பாத்துக்கறேன். டாக்டரம்மா நல்லாப் பேசுறாங்க. எதுக்கு அலைச்சல்?" என்றாள். அப்பா அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா போனுக்குக் கிட்டே நகர்ந்தாள். "வாய்க்கு என்னா கேக்குது, சொல்லு" என்றாள்.

"ஒண்ணும் கேக்கலம்மா." பிறகு, "சீத்தாப்பழம் வந்துடுச்சா அங்க?" என்றாள்.

அவ்வளவுதான். அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் பிரான்சுக்கு எதையாவது அனுப்புவதென்றால் போகிற ஆளைப் பிடிக்க வேண்டும். யார் எப்போது போகிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். ஊறுகாய், வடாம், பாவாடை நாடா, மூட்டுவலித் தைலம், எல்லாம் ஆள் மூலமாகத்தான் போகும். இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுப் பென்சன் வாங்குகிற ஒரு பெரியவர் மகனைப் பார்க்கப் போவதாகச் செய்தி வந்தது. அம்மா போய்ப் பேசினாள். "பழம்தானே, தலைமேல வெச்சுக்கிட்டுப் போய்க் குடுக்கறேன். எறங்கினதும் போனு போட்டா வந்து வாங்கிக்கட்டும்" என்று அவர் சொன்னாராம்.

பொறுக்குகிற வேலை என்னுடையது. நான் இரவெல்லாம் யோசித்துத் திட்டம் போட்டேன். பெரியவர் புறப்படுவது சனிக்கிழமை ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை இறங்குவார். எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுத்தால் அக்கா எப்படித் தின்பாள்? ஆகவே கோடு மஞ்சள் தட்டினது இரண்டு, வெள்ளைக் கோடு நன்றாக விழுந்தது இரண்டு, அப்போதுதான் விழத் தொடங்கினது இரண்டு. முதல் ஜோடிக்குக் காம்பில் சிவப்பு நூல், அடுத்ததற்கு வெள்ளை, கடைசிக்குப் பச்சை. சிவப்பு இறங்கின அன்றைக்கே, வெள்ளை அதற்கு மறுநாள், பச்சை அதற்கும் இரண்டு நாள் கழித்து. வெள்ளிக்கிழமை காலையில் கூடைக்காரப் பெண்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பழத்தையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்பிடிப் பாக்கமாட்டான்" என்றாள் ஒருத்தி.

"பிரான்சுக்குப் போவுதுக்கா இது."

"பிரான்சுக்கா? அப்ப நல்ல பழமா குடு இதுக்கு" என்று பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கூட்ல இருந்து மொத மொதலா பிளேன்ல போவப்போறது நீதான்னு சொல்லி வையி அதுங்கிட்ட."

செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் போக ஓட்டை போட்டு, கயிறு கட்டினேன். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நானே கொண்டுபோய்ப் பெரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு அக்கா பேசவில்லை. அடுத்த ஞாயிறு பேசினாள்.

"பழம் கெடச்சுதா?" அம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். அந்தக் குரல் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பரீட்சை முடிவு பார்க்கிறவளின் குரல்.

"கெடச்சுதும்மா."

நான் போனுக்குக் கிட்டே போய், "சிவப்பு நூல் கட்டினது மொத நாளே பழுத்திருக்கணுமே?" என்றேன்.

"ஆமாண்டி. தேன் மாதிரி இருந்துச்சு."

"வெள்ளை மறுநாளு?"

"மறுநாளேதான்."

"வெம்பல் ஒண்ணுகூட இல்லியே?"

"நீ பொறுக்கினதாச்சே, எப்பிடிடி இருக்கும்?"

நான் எழுந்து கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அப்பாகூடச் சிரித்தார். அம்மா அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நல்லாச் சாப்பிடுகிறாள், நல்லா இருக்கிறாள், இனிமேல் அலைக்கழிக்க வேண்டாம் என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். மாப்பிள்ளை டிக்கெட் விஷயமாகக் கேட்டிருந்தாராம். வேண்டாம் என்று அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று முடிவாயிற்று.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. நான் ஒரு பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு, பொரி வாங்க நின்றிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பெரியவரின் மனைவி. அவர் மட்டும்தான் போயிருந்தார், பெரியம்மா ஊரிலேயேதான் இருந்தார்கள்.

"கண்ணு, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒங்கம்மா மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்கள்.

"என்னா பெரியம்மா?"

"அந்தப் பழப்பெட்டி இருக்குல்ல. அது போகல."

"எங்க போகல?"

"பிரான்சுக்குத்தான். மெட்ராஸ் ஏர்போர்ட்டுல எடை மிஞ்சிப்போச்சுன்னு எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லிட்டானுங்க. இவரு ஊறுகாயை எடுப்பாரா, கருவாட்டை எடுப்பாரா? ஒங்க பெட்டிதான் மேலாக இருந்துச்சு. எடுத்து எங்கையில குடுத்துட்டாரு. வழியனுப்பப் போன வண்டியிலயே திரும்பி வந்துடுச்சு."

நான் பூசணிக்காயை இடுப்பில் ஏற்றிப் பிடித்தேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வீணாப் போவல கண்ணு. பேரப்புள்ளைங்க தின்னுடுச்சுங்க. சும்மா சொல்லக்கூடாது, என்னமா பழுத்துச்சு! சிவப்பு நூலு ஞாயித்துக்கெழமை, வெள்ளை நூலு மறுநாளு, பச்சை நூலு புதங்கெழமை. கெடியாரம் வெச்ச மாதிரி. இவரும் வெக்கப்பட்டுக்கிட்டு ஒங்கக்காவுக்குப் போனே போடலியாம். ஒங்கம்மாகிட்ட நீ பக்குவமா சொல்லு. கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு."

என் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அந்த நிமிடத்தில் அதற்கு ஒரு துளி சந்தோஷம்கூட வந்தது, வெட்கமில்லாமல். பிறகுதான் அக்காவின் குரல் காதில் கேட்டது. தேன் மாதிரி இருந்துச்சு.

சைக்கிளை மிதிக்க முடியவில்லை. பூசணியைக் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தேன். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. சிவப்பு, வெள்ளை, முதல் நாள், மறுநாள் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவள் ஆமாம் போட்டாள்.

அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. எனக்கு எதையும் அடக்கி வைக்கத் தெரியாது. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். அம்மாவின் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து காய்களை உரித்தாள். பிறகு உரித்த காயை நார் பக்கமும் நாரைக் காய் பக்கமும் போடுகிறாள் என்று கவனித்தேன்.

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "அம்மா மனசு நோவக்கூடாதுன்னு சொல்லியிருப்பா. இதுல என்னா இருக்குது? நல்ல புள்ளைங்க அப்பிடித்தான் சொல்லும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அம்மா. "நம்ம மனசு நோவக்கூடாதுன்னு இன்னும் என்னென்ன சொல்லியிருக்கா அவ?"

அப்பா செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். மூன்று பேரும் அதையேதான் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். ரெண்டு வேளையும் சோறு ஆக்கித் தின்னுறேன். தூக்கம் நல்லா வருது. அவரு சீக்கிரமே வந்துடறாரு. டாக்டரம்மா எடை ஏறியிருக்குன்னு சொன்னாங்க. ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடமாகியிருந்த வரிகள். அத்தனையும் அந்த ஒரு பழத்தோடு சேர்ந்து கைவிட்டுப் போயின.

வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது என்பதால், அன்று சாயங்காலமே தெருமுனை போன் பூத்திலிருந்து அவள் எண்ணுக்குப் போட்டோம். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டோம். எடுக்கவில்லை. பூத்துக்காரர் கண்ணாடிக் கதவு வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தெருவெல்லாம் பூசணிக்காய் உடைத்துச் சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் உடைக்கவில்லை. நான் வாங்கி வந்த காய் மூலையிலேயே இருந்தது, யாருக்கும் அதைத் தூக்கத் தோன்றவில்லை. அப்பாவும் அந்த வாரம் முழுக்க மீன் பேச்சை எடுக்கவே இல்லை. கூட்டோ பொரியலோ, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மணியடித்தபோது அம்மா என்னைப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். நீ பேசாதே. நானும் வாயில் விரலை வைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்மா."

"இந்த வருஷம் சீத்தாப்பழம் நல்லால்லடி" என்றாள் அம்மா. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "எல்லாத்துலயும் புழு. ஒனக்கு அனுப்புனதுலயும் இருந்திருக்கும். நீ சங்கடப்பட்டுக்கிட்டு சொல்லாம இருப்ப. பரவால்ல, சொல்லு. இருந்துச்சா?"

அவளுக்கு இறங்கிவர ஒரு படி போட்டுக் கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அக்கா இறங்கவில்லை.

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பழத்துலகூடப் புழு இல்ல."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாயிலிருந்து விரலை எடுத்தேன்.

"அக்கா, பழம் வரலன்னு எங்களுக்குத் தெரியும். மெட்ராஸ்லயே எடுத்துட்டாங்க. பெரியம்மா வீட்டுப் பசங்க தின்னுடுச்சுங்க."

போனில் ஒரு சத்தமும் இல்லை. கார்டு தீர்ந்துவிட்டதோ என்று அப்பா கிட்டே குனிந்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு எதுவுமே எறங்கலடி" என்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். "ரொட்டியும் பாலும்தான். அதுவும் பாதி நாளு வெளிய வந்துடுது. அவரு இருட்டோட போயிட்டு இருட்டுனப்புறம்தான் வராரு. நாளெல்லாம் யாருகிட்டயும் பேசறதில்ல. படுத்தா எழுந்திரிக்க முடியல. நீங்க போட்ட போனுகூடக் கேட்டுச்சு. எழுந்து வரதுக்குள்ள நின்னுடுச்சு. எடை ஏறவே இல்லியாம். டாக்டரம்மா திட்டுறாங்க. அவங்க பேசறது பாதி புரியல."

"ஏம்மா சொல்லல?" என்றார் அப்பா. அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"எப்பிடிப்பா சொல்றது? நீங்க தெருவெல்லாம் சொல்லிவச்சிருக்கீங்க."

அப்பா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அம்மா போனைக் கையில் எடுத்து ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, காதில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. "வந்துடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "எதுவும் சொல்லாத. வந்துடு."

தீபாவளி கழித்து, விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் வந்தாள். மாமாதான் கூட்டிக்கொண்டு வந்தார். "நான் அப்பவே ஒங்ககிட்ட சொல்லலாம்னேன் அத்தை, இவதான் வேணாம்னா" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரும் இளைத்துத்தான் இருந்தார். அக்கா காரிலிருந்து இறங்கியபோது நான் குடையோடு ஓடினேன். வயிறு மட்டும் முன்னால் இருந்தது. மீதி ஆளைக் காணோம். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. மறுநாள் கோரிமேட்டில் காட்டினோம். அப்பா எதை நினைத்துப் பயந்தாரோ அந்த வரிசையில் அவரே குடையோடு நின்று சீட்டு வாங்கினார். ரத்தம் குறைவு, பிள்ளை வளர்ச்சியும் குறைவு, எப்படியாவது சாப்பிட வையுங்கள், பார்ப்போம் என்றார் டாக்டர். பார்ப்போம் என்கிற சொல்லை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கமும் பிடி கிடைக்கவில்லை.

நான் மார்க்கெட்டுக்கு ஓடினேன். நடைபாதை முழுக்கச் சேறு. கூடைக்காரப் பெண்களில் ஒருத்திதான் வந்திருந்தாள், தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு. அடிக்கூடையில் சின்னச் சின்னதாகக் கொஞ்சம் பழங்கள், சில வெடித்தவை.

"மழை குடிச்ச பழம். ருசி இருக்காது. தெரிஞ்சே கேக்கிறியே" என்றாள்.

"பரவால்லக்கா. பிரான்சுல இருந்து வந்திருக்காங்க."

"வந்துட்டாங்களா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, இருந்ததிலேயே கோடு விழுந்ததாக இரண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அரிசிப் பானையில் புதைத்து வைத்தேன். கை பழக்கத்தில் ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். சொன்ன நாளைத் தாண்டியும் அது பழுக்கவில்லை. ஒருவழியாகக் கொஞ்சம் இளகியதும் எடுத்துப் பிட்டு, தட்டில் வைத்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் சமையலறையில் சுவரோடு சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசற்படியில் நின்றார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எதையோ கிளறிக்கொண்டே கேட்டாள்.

"எப்பிடி இருக்குது?"

அக்கா ஒரு சுளையை வாயில் போட்டு மென்றாள். கொட்டையை உள்ளங்கையில் துப்பினாள். என்னைப் பார்த்தாள், அம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

"நல்லால்லம்மா" என்றாள். "சப்புன்னு இருக்குது."

அம்மாவின் கரண்டி நின்றது. திரும்பியபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. பழம் நல்லா இல்லை என்று சொன்னதற்கு ஒருத்தி முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"நல்லால்லன்னா துப்பிடு. வேற என்னா வேணும்? வாயத் தொறந்து சொல்லு."

அக்கா யோசித்தாள். கொஞ்சம் கூச்சத்தோடு, "மீன் கொழம்பு" என்றாள்.

ஐப்பசி பிறந்து நாளாகியும் எங்கள் வீட்டு மீன்சட்டி பரணிலேயே கிடந்தது, யாரும் கேட்கவில்லை. அப்பா அதற்குள் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துவிட்டார். "தேங்காய்த்திட்டுல இப்பத்தான் படகு வர நேரம்" என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். மழையில் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏணி போட்டுச் சட்டியை இறக்கினேன்.

சாப்பிடும்போது எல்லோரும் வேறெங்கோ பார்க்கிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதை உருட்டிக் கையில் எடுத்தவள், அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

"போதும். இதுக்கு மேல முடியல" என்றாள்.

யாரும் வற்புறுத்தவில்லை. அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள்.